கலந்தால் குப்பை, பிரித்தால் பொருள்

உலகிலே குப்பையாகவே பிறந்த பொருள் ஏதேனும் உண்டோ என்பதை நாம் சிறிது சிந்தித்துப் பார்த்தல் வேண்டும். கறிக்கு அரிந்த வாழைக்காயின் தோல் குப்பையன்று. அது பசுவுக்கு உணவு, இன்றேல் நிலத்துக்குப் பசளை. நேற்றைய பத்திரிகை குப்பையன்று; அது மீண்டும் கடதாசியாகத்தக்க மூலப்பொருள். வெறும் போத்தலும் குப்பையன்று. உலையில் உருகி மறுபடியும் போத்தலாக வல்லது. ஆயினும் இம்மூன்றையும் ஒரே பையில் இட்டு, மீந்த சோற்றையும் குழம்பையும் அவற்றின்மேற் கொட்டி, வாயை இறுக முடிந்து ஒழுங்கை முனையில் வைத்துவிடுகிறோம். அந்தக் கணமே தோலைப் பசு தின்னமாட்டாது. பத்திரிகையை ஆலை ஏற்கமாட்டாது. போத்தலை எடுக்க எவரும் கை நீட்டமாட்டார். நல்ல பொருள்கள் மூன்று சேர்ந்து தீய பொருளொன்று பிறந்துவிடுகின்றது. அதற்கே குப்பை என்று பெயர்.

ஆகவே, குப்பை என்பது கடையில் விற்கப்படுவதுமன்று, ஆகாயத்திலிருந்து விழுவதுமன்று. அது நம் அடுக்களையிலே, நம் கையாலேயே உண்டாக்கப்படுவது. உண்டாக்கும் கை, உண்டாக்காமல் விடவும் வல்லதன்றோ? அதற்கு வேண்டுவது பெரும் பணமுமன்று, பெரும் படிப்புமன்று; பொருள்களைக் கலக்குமுன் பிரித்து வைக்கும் பழக்கம் ஒன்றே போதும்.

மீதொட்டமுல்லை கற்பித்த பாடம்

2017 ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு தினம் நம் நாட்டவர் எளிதில் மறக்கக்கூடியதன்று. ஏப்ரில் 14 ஆம் திகதி பிற்பகல், கொழும்பை அடுத்த கொலன்னாவைப் பகுதியிலுள்ள மீதொட்டமுல்லையிலே, பல்லாண்டுகளாகக் குவிக்கப்பட்டு மலைபோல் உயர்ந்திருந்த குப்பைமேடு சரிந்து, அடிவாரத்து வீடுகளின்மேல் விழுந்தது. 30 பேருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தும் சிதைந்தும் போயின. புத்தாண்டுக்கென வீடுகளைக் கூட்டிப் பெருக்கித் தூய்மை செய்த நகரத்தின் குப்பையே, புத்தாண்டு கொண்டாடிய ஏழை மக்களின் வீடுகளை மூடியது.

அம்மேடு எதனால் ஆனது? நம் நாட்டில் உள்ளூராட்சி சபைகள் சேகரிக்கும் வீட்டுக் கழிவிலே பாதிக்கு மேற்பட்டது உக்கும் கழிவாகும்; அதாவது மரக்கறித் தோல், மீந்த சோறு, பழக்கொட்டை, இலை, தழை என்பன. இவை காற்றோட்டமுள்ள இடத்திற் கிடந்தால் இரண்டு மூன்று மாதங்களில் மண்ணோடு மண்ணாகிவிடும். ஆனால் பொலித்தீன் பையினுட் கட்டப்பட்டு, மேலும் மேலும் பாரம் ஏற்றப்பட்டு, காற்றுப் புகாதபடி அமுக்கப்படும்போது, உக்குவதற்குப் பதிலாக அழுகுகின்றன. அழுகலினின்று நாற்றமுள்ள கறுத்த நீர் கசிகின்றது. மீதேன் என்னும் எரிவாயு கிளம்புகின்றது. மழை பெய்தால் அம்மேடு நீரை உறிஞ்சிப் பாரங்கூடுகின்றது. உள்ளே சேறும் வாயுவும் வழுக்கும் பொலித்தீனுமாக இருக்கும் மேடு எத்துணைக் காலம் நிலைத்து நிற்கும்?

சரிந்த மேட்டை வெறும் குப்பையென எண்ணுவோர், அதனுள் புதைந்து கிடந்த உண்மையைக் காணமாட்டார். அதிற் பாதிக்கு மேற்பட்ட பங்கு, அங்கே போகவேண்டிய பொருளே அன்று. வீட்டு வளவிலோ சபையின் பசளைக் களத்திலோ மண்ணாகியிருக்க வேண்டியது.

துன்பம் அத்துடன் முடிந்ததா? அதே ஆண்டில் இந்நாட்டை டெங்குக் காய்ச்சல் முன்னொருபோதும் இல்லாதவாறு வருத்தியது. 186,000 பேருக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 400க்கு மேற்பட்டோர் மாண்டனர். பெருமழையும், அகற்றப்படாது தேங்கிய குப்பையும் நுளம்பு பெருகுதற்கு ஏதுவாயின எனச் சுகாதாரத் துறையினர் எடுத்துக்காட்டினர். எறிந்த யோகட் கோப்பை ஒன்றில் நிற்கும் சிறிதளவு நீரே அந்நுளம்புக்குப் போதும். அதன் முட்டைகளோ, நீர் வற்றிய பின்னரும் பல மாதங்கள் உயிரோடிருந்து, அடுத்த மழையிற் பொரிக்க வல்லவை.

முன்னோர் வீட்டில் இருந்த முறை

நம் பாட்டன் பாட்டியர் காலத்தில் இத்தொல்லை ஏன் இருக்கவில்லை என்று சிலர் வினவுதல் உண்டு. அவர்கள் நம்மினும் ஒழுங்குடையோர் என்பதன்று காரணம். அவர்கள் வீட்டிற் சேர்ந்தவை யாவும் பெரும்பாலும் உக்கக்கூடியனவாய் இருந்தன. சாமான் கட்டி வந்தது கடதாசிப் பொட்டலம்; சோறு கட்டியது வாழையிலை; மீன் வந்தது பனையோலைப் பறி. அவற்றையெல்லாம் வளவின் மூலையிலுள்ள எருக்குழியில் ஒன்றாகக் கொட்டினாலும் கேடில்லை. மாட்டுச் சாணமும் சாம்பலும் சேர்ந்து, அடுத்த பயிர்ச் செய்கைக்குள் நல்ல எரு ஆகிவிடும். யாழ்ப்பாணத்துக் கமக்காரர், வேலியிலும் கூரையிலும் இருந்து கழற்றிய பழைய பனையோலையைக்கூட வீணாக்காது, தறித்துத் தோட்டத்திலே தாழ்த்துப் பசளையாக்கினர். பூவரசங் குழையும் அவ்வாறே மண்ணுக்குச் சென்றது.

இன்றோ பொருள்கள் மாறிவிட்டன. பழக்கம் மட்டும் மாறவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டும் பழைய வழக்கத்தை வைத்துக்கொண்டு, பொலித்தீனையும் பற்றறியையும் குழல் விளக்கையும் நாம் கொட்டுகிறோம். எருக்குழிக்கு ஏற்றதாயிருந்த பழக்கம், சொப்பிங் பைக்கு ஏற்றதாகுமா?

யாழ்ப்பாணக் குடாநாட்டினர் இதனை மும்மடங்கு கருத்திற் கொள்ளவேண்டியவர்கள். அங்கே வற்றாத ஆறில்லை, குடிப்பதும் குளிப்பதும் பயிருக்கு இறைப்பதும் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் தங்கும் நிலத்தடி நீரே. அக்கல்லோ நீரை விரைவிலே கீழிறங்க விடுவது. ஒரு வளவிற் கொட்டிய நஞ்சு, அடுத்த வளவின் கிணற்றுக்குச் செல்ல வேலியைத் தாண்டவேண்டியதில்லை.

மூன்று பாத்திரம் போதும்

பிரித்தல் என்றவுடன் பத்துத் தொட்டிகள் வேண்டுமோ என அஞ்ச வேண்டா. வீட்டினுள்ளே மூன்று பாத்திரங்கள் இருந்தாற் போதும். முதலாவது, உக்குவனவற்றுக்கு மூடியுள்ள ஒரு வாளி. அது அடுக்களையில் இருத்தல் வேண்டும். இரண்டாவது, உலர்ந்தனவற்றுக்கு ஒரு சாக்கு அல்லது பெரிய கடதாசிப் பெட்டி. அது மழை படாத தாழ்வாரத்தில் இருக்கலாம். மூன்றாவது, ஊறு செய்வனவற்றுக்கு மூடியுள்ள ஒரு பேணி. அது குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் இருத்தல் அவசியம்.

பொது இடங்களில் வைக்கப்படும் தொட்டிகளுக்கு நம் நாட்டில் வகுக்கப்பட்ட நிறங்கள் உள. பச்சை உக்கும் கழிவுக்கும், நீலம் கடதாசிக்கும், செம்மஞ்சள் பிளாஸ்டிக்குக்கும் பொலித்தீனுக்கும், சிவப்பு கண்ணாடிக்கும், கபிலம் உலோகத்துக்கும் சிரட்டைக்கும் உரியன. பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் இவற்றைக் காணலாம். மாணவர்கள் இந்நிறங்களை மனத்தில் இருத்தி வீட்டாருக்கும் சொல்லிக்கொடுத்தல் நன்று. ஆனால் எந்த நாளில் எவ்வகைக் கழிவை எடுப்பர் என்பது சபைக்குச் சபை வேறுபடும். அதனைத் தத்தம் மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபையிற் கேட்டறிந்து, அடுக்களைச் சுவரில் எழுதி ஒட்டிவைத்தல் உத்தமம்.

உக்குவனவற்றை மண்ணாக்கும் முறை

மூன்றினுள் முதன்மையானது உக்கும் கழிவின் வாளியே. இதனைச் சரிவரப் பார்த்துக்கொண்டால், வீட்டுக் கழிவிற் பாதிக்கு மேல் நம் படலையைத் தாண்டிச் செல்லாது.

கொம்போஸ்ட் எனப்படும் கூட்டெருவைச் செய்தல் சமையலைப் போன்ற ஒரு கலை. அளவறிந்து கூட்டினால் மணக்கும், தவறினால் நாறும். அதன் இரகசியம் இரண்டு பொருள்களின் சேர்க்கையில் அடங்கியுள்ளது. ஒன்று, ஈரமும் பசுமையும் உடைய மரக்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை, பச்சைப் புல் போன்றவை. மற்றொன்று, உலர்ந்த சருகு, வைக்கோல், தும்புத்தூள், சிறு சுள்ளி போன்றவை. முன்னதில் நைதரசன் மிகுதி. பின்னதிற் காபன் மிகுதி. உக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு நைதரசன் ஒரு பங்கெனின் காபன் ஏறக்குறைய 30 பங்கு வேண்டும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. வீட்டு அளவிற் சொல்வதானால், அடுக்களைக் கழிவு ஒரு வாளிக்கு உலர்ந்த சருகு இரண்டு வாளி எனக் கொள்ளலாம்.

வளவில் நிழலான, நீர் தேங்காத ஓர் இடத்தைத் தெரிந்து, கிணற்றினின்று போதிய தூரத்தில் அமைத்தல் வேண்டும். அடியில்லாத பீப்பாவையோ, கம்பி வலையையோ, பழைய கற்களையோ கொண்டு ஏறக்குறைய ஒரு மீற்றர் அகலத்தில் ஓர் அடைப்புச் செய்க. அடியிற் சுள்ளிகளைப் பரப்பினாற் காற்றுப் புகும். அதன்மேற் சருகு, அதன்மேல் அடுக்களைக் கழிவு, மறுபடியும் சருகு என அடுக்கி, இடையிடையே ஒரு பிடி மண்ணோ சாணமோ தூவுக. மேற்பரப்பு எப்போதும் சருகாகவே இருத்தல் வேண்டும். கழிவு வெளியே தெரிந்தால் இலையானும் காகமும் எலியும் வரும்.

சில நாட்களில் குவியலின் நடுப்பகுதி சூடேறும். 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை செல்வதும் உண்டு. அது நோய்க் கிருமிகளையும் களை விதைகளையும் கொல்லும் நன்மையான சூடு. வாரம் ஒருமுறை தடியாலோ மண்வெட்டியாலோ கிளறிக் காற்றூட்டுக. ஒரு பிடியை எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் மட்டும் கசிவதே சரியான ஈரம். நாற்றம் எழுந்தால் ஈரம் மிகுந்ததென அறிந்து சருகு சேர்த்துக் கிளறுக. எறும்பு கூடினால் உலர்ந்ததென அறிந்து நீர் தெளிக்க. நம் நாட்டு வெப்பத்தில் இரண்டு மூன்று மாதங்களில், குவியல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி, மழை பெய்த மண்ணின் மணத்தோடு கருநிறப் பசளை கிடைக்கும்.

மீன், இறைச்சி, எலும்பு, பால், எண்ணெய் கலந்த குழம்பு என்பவற்றைத் திறந்த குவியலில் இடலாகாது. நாயும் எலியும் தோண்டும். அவற்றை இடவேண்டுமாயின் முழங்கையளவு ஆழக் குழி வெட்டி, வாழை மரத்தடியிலோ தென்னை அடியிலோ புதைத்து மூடிவிடலாம். முட்டைக் கோதை நொறுக்கி இடுக. வாழைத் தண்டைச் சிறு துண்டுகளாக வெட்டி இடுக. மாங்கொட்டையும் பனங்கொட்டையும் உக்கப் பல காலம் செல்லுமாதலின் அவற்றை வேறாக்குக.

வெள்ளவத்தை போன்ற இடங்களில் மாடி வீடுகளில் வாழ்வோர் வளவுக்கு எங்கே போவது எனக் கேட்கலாம். பக்கங்களில் துளையிட்ட பெரிய மட்பானை ஒன்று போதும். கடையில் வாங்கிய தும்புத்தூளைச் சருகுக்குப் பதிலாகப் பயன்படுத்திப் பலகணி மூலையிலேயே பசளை செய்யலாம். அதுவும் இயலாதோர், உக்கும் கழிவைப் பொலித்தீனிற் கட்டாது, நீரை வடித்து, தனி வாளியில் சபையின் ஊழியரிடம் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

தோட்டக் கழிவும் தீயும்

மாலை நேரத்தில் ஒழுங்கைகளிற் சருகு கூட்டித் தீ மூட்டும் வழக்கம் நம்மிடையே நீண்ட காலமாக உள்ளது. நுளம்பு போகும், சாம்பல் கிடைக்கும் என இதற்கு நியாயமும் கூறுவர். சாம்பலிலே பொட்டாசியம் எஞ்சுகின்றது உண்மையே. ஆனால் பயிருக்கு இன்றியமையாத நைதரசனும், மண்ணை மண்ணாக வைத்திருக்கும் சேதனப் பொருளும் புகையோடு போய்விடுகின்றன. கூட்டிய சருகை எரித்துவிட்டு, கடையிலே காசு கொடுத்துப் பசளை வாங்குவது எத்தகைய சிக்கனம்? அப்புகையிலுள்ள நுண்துகள்களோ, அயல் வீட்டுக் குழந்தையின் ஈளை நோயையும் முதியோரின் மூச்சு முட்டையும் அதிகப்படுத்துவன.

சருகோடு பொலித்தீனும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரிந்தால் தீமை பன்மடங்காகும். குறிப்பாகப் பீ.வீ.சீ. எனப்படும் குழாய் வகைப் பிளாஸ்டிக் எரியும்போது டயொக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டாகின்றது. அது மண்ணிலும் புல்லிலும் படிந்து, மாட்டின் பாலிலும் கோழியின் முட்டையிலும் ஏறி, மீண்டும் நம்மிடமே வருகின்றது. குப்பையையும் பிளாஸ்டிக்கையும் திறந்த வெளியில் எரிப்பதை 2017 ஆம் ஆண்டு வெளியான வர்த்தமானி அறிவித்தல் தடைசெய்தது என்பதையும் நினைவிற் கொள்க.

அடுக்களைக் கழிவுக்குச் சேர்த்தது போக மிஞ்சும் சருகை மூலையிற் குவித்து நனைத்துவிட்டால், ஓராண்டுக்குள் தானாகவே இலைமண் ஆகிவிடும். மரத்தடியிற் பரப்பினால் கோடையில் நிலத்தின் ஈரங் காக்கும். தேங்காய் மட்டையைத் தென்னையைச் சுற்றி வெட்டிய குழியிற் புதைத்தால், மழைநீரைப் பிடித்து வைத்து வறட்சியில் மரத்துக்கு ஊட்டும். சிரட்டையை நிமிர்த்திப் போடாதிருத்தல் வேண்டும். அதிலே நீர் நின்றால் நுளம்பு பெருகும். நோயுற்ற செடி, கோரைக் கிழங்கு, விதை முற்றிய களை என்பவற்றைக் கூட்டெருவிற் சேர்த்தலாகாது. வீட்டுக் குவியலின் ஓரங்கள் அவற்றைக் கொல்லுமளவு சூடேறுவதில்லை. வடக்கிலே பரவியுள்ள பார்த்தீனியம் என்னும் நச்சுக் களையைப் பூக்குமுன், கையுறை அணிந்து வேரோடு பிடுங்குதல் வேண்டும். பூத்த பின்னர் அதனைத் தோட்டத்திற் போட்டால், ஒரு செடிக்கு ஆயிரக்கணக்கான செடிகள் முளைக்கும்.

உலர்ந்தனவற்றின் மறுபிறவி

இரண்டாவது பாத்திரத்துக்குரிய விதி ஒன்றே: கழுவி, உலர்த்தி, இடுக. எண்ணெய் பிரண்ட கடதாசி ஒன்று, கட்டுக் கடதாசி முழுவதையும் கெடுத்துவிடும்.

பத்திரிகை, கொப்பி, கடதாசிப் பெட்டி என்பன ஆலையிற் கூழாகி மீண்டும் கடதாசியாகும். ஒவ்வொரு முறையும் நார் குறுகுவதால், ஏறக்குறைய ஐந்து முதல் ஏழு முறை வரையே இம்மறுபிறவி இயலும். பளபளப்பான பற்றுச்சீட்டு, மெழுகு பூசிய கோப்பை, பானங்கள் வரும் பெட்டி என்பன கடதாசிபோலத் தோன்றினும் கடதாசியல்ல. இரசாயனப் பூச்சோ பொலித்தீன் படலமோ உள்ளவை. அவற்றைக் கடதாசிக் கட்டிற் சேர்க்காதிருத்தல் வேண்டும்.

கண்ணாடியும் உலோகமும் எத்தனை முறை உருக்கினும் தரங் குன்றாதவை. பழைய அலுமினியத்தை உருக்குவதற்கு, தாதுப்பொருளினின்று புதிதாக எடுப்பதற்குச் செலவாகும் சக்தியில் 20இல் ஒரு பங்கே போதும். இத்தகைய பேணியை மண்ணிற் புதைத்தல் எத்துணைப் பேதைமை! மீன் அடைத்த தகரப் பேணியையும் கழுவிச் சேர்த்தால் பழைய இரும்பு வியாபாரி வாங்கிக்கொள்வார். ஆனால் மின்குமிழும், முகம் பார்க்கும் கண்ணாடியும், யன்னற் கண்ணாடியும் போத்தற் கண்ணாடியின் இனமல்ல. அவற்றை வேறாக வைத்தல் வேண்டும்.

பிளாஸ்டிக் போத்தலின் அடியில் முக்கோணத்தினுள் ஓர் இலக்கம் இருப்பதை மாணவர்கள் கண்டிருப்பர். அது எவ்வகைப் பிளாஸ்டிக் என்பதைக் குறிக்குமேயன்றி, மீள் சுழற்சிக்கு உறுதி தருவதன்று. 1 என்பது தண்ணீர், சோடாப் போத்தல். 2 என்பது சவர்க்காரத் திரவப் போத்தல் போன்ற கெட்டியானது. 5 என்பது உணவுப் பெட்டி முதலியன. இம்மூன்றையும் வாங்குவோர் உளர். மூடியும் போத்தலும் வேறு வேறு இனம் என்பதை அறிய, இரண்டையும் துண்டாக்கி நீரில் இடுக: 1ஆம் இலக்கப் போத்தற் துண்டு தாழும், மூடித் துண்டு மிதக்கும். ஆலைகளும் இவ்வுபாயத்தையே கையாளுகின்றன. பால்மாவும் பிஸ்கற்றும் வரும் பளபளப்பான உறைகள் பல படலங்களை ஒட்டிச் செய்யப்பட்டவையாதலின் பிரித்தற்கரியன. ஆகவே அவற்றைக் குறைவாக வாங்குவதே அவற்றுக்கு மருந்து. லஞ்ச் சீற் 2017இல் தடைசெய்யப்பட்டதும், ஒருமுறை பயன்படுத்தும் சிலவகைப் பிளாஸ்டிக் பொருள்கள் 2021இலும் 2023இலும் தடைசெய்யப்பட்டதும் இதுபற்றியே. சட்டம் மறந்தாலும் வாழையிலை நம்மை மறக்கவில்லை.

ஊறு செய்வன

மூன்றாவது பாத்திரம் சிறிது. ஆனால் அதன் பொறுப்புப் பெரிது. டோச் பற்றறி, குழல் விளக்கு, காலாவதியான மருந்து, ஊசி, சவர அலகு, பூச்சிநாசினிப் போத்தல் என்பன இதற்குரியன. குழல் விளக்கினுள் சிறிதளவு பாதரசம் உள்ளது, ஆதலின் உடைக்கலாகாது. நீரிழிவு நோயாளர் பயன்படுத்தும் ஊசிகளை, கெட்டியான பிளாஸ்டிக் போத்தலில் இட்டு மூடியை முறுக்கி, மேலே பெயர் எழுதிக் கொடுத்தல் வேண்டும். மருந்தைக் கழிவறையிற் கொட்டலாகாது. உடைந்த கண்ணாடியைப் பத்திரிகையிற் சுற்றிப் பெட்டியில் வைத்து, "உடைந்த கண்ணாடி" எனத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிவிடுக.

எவர் கை பிரிக்கும்?

ஏன் இவ்வளவு சிரமம் எனச் சிலர் கேட்பர். நாம் பிரிக்காது விட்டால் அது பிரிக்கப்படாமற் போவதில்லை. வேறொருவர் பிரிக்கிறார் என்பதே இதற்கு மறுமொழி. விடியுமுன் லொறியோடு வரும் தொழிலாளி, நம் பையைத் தம் கையால் அவிழ்த்து, சோற்றினுள் மறைந்த போத்தல் ஓட்டையும் ஊசியையும் தடவிப் பார்த்து எடுக்கிறார். நாம் அரை நிமிடத்திற் செய்யத்தக்கதை அவர் இரத்தம் சிந்திச் செய்யவேண்டியிருக்கிறது. அவருக்கு நாம் தரும் தீபாவளிக் கைவிசேடத்திலும், உடைந்த கண்ணாடியைச் சுற்றி வைக்கும் பத்திரிகைத் தாளே மேலான மரியாதையாகும்.

அவருக்கும் எட்டாதது விலங்குக்கு எட்டுகின்றது. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டிலே, குப்பைமேட்டை நாடி வந்த காட்டு யானைகளில் ஏறக்குறைய 20 எட்டு ஆண்டுகளில் மாண்டன என்ற செய்தி 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்தது. இறந்த யானைகளின் வயிற்றிலே பொலித்தீன் காணப்பட்டது. யானை பொலித்தீனை விரும்பி உண்பதில்லை. அதனுட் கட்டப்பட்டிருந்த சோற்றின் மணமே அதனை அழைத்தது. சோறு வேறு, பை வேறு எனப் பிரித்திருந்தால் அவ்வுயிர்கள் எஞ்சியிருக்கும்.

"நாம் பிரித்துக் கொடுத்தாலும் லொறியில் ஒன்றாகக் கொட்டுகிறார்களே" என்பது மற்றொரு முறைப்பாடு. சில இடங்களில் இது மெய்யே. அவ்வாறு நிகழ்ந்தால், அயலவர் சேர்ந்து சபைக்கு எழுதுதல் பிரசைகளின் உரிமை. 1947 ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டம், சபை சேகரிக்கும் குப்பையைச் சபையின் சொத்து என்றே கூறுகின்றது. சொத்தைப் பேணுமாறு கேட்பதில் வெட்கமில்லை. அத்துடன், வளவிலேயே மண்ணாக்கிய கழிவை எந்த லொறியும் கலக்க முடியாது. வியாபாரிக்கு விற்ற பத்திரிகையையும் போத்தலையும் எவரும் குழப்ப முடியாது.

குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் 2021 ஆம் ஆண்டு கெரவலப்பிட்டியில் இயங்கத் தொடங்கியது. இனிக் கவலை எதற்கு என்பாரும் உளர். அந்த உலையுங்கூட ஈரக் கழிவை விரும்புவதில்லை. ஈரத்தை உலர்த்தவே வெப்பத்தின் பெரும் பங்கு செலவாகிவிடும். ஈர விறகை ஊதிக் கண் சிவந்த தாய்மாருக்கு இதனை விளக்கவேண்டுமா?

மாணவர்க்கு ஒரு பரிசோதனை

இளைஞர்கள் ஏட்டில் வாசிப்பதினும் கண்ணாற் காண்பது நன்று. ஒரு பூச்சாடியில் ஈரமண் நிரப்பி, மாவிலை, பத்திரிகைத் துண்டு, பருத்தித் துணித் துண்டு, சொப்பிங் பையின் துண்டு ஆகிய நான்கையும் ஒரே ஆழத்திற் புதையுங்கள். வாரம் இருமுறை நீர் தெளியுங்கள். இரண்டு மாதங் கழித்துத் தோண்டி, நான்கின் நிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். பொலித்தீன் புதைத்தபடியே புன்னகை செய்யும்.

இரண்டாவதாக, ஒரு வாரத்துக்கு வீட்டுக் கழிவை மூன்று பாத்திரத்திலும் பிரித்து, நாள்தோறும் தராசில் நிறுத்து எழுதுங்கள். வார முடிவில் படலைக்கு வெளியே உண்மையாகவே போகவேண்டியது எவ்வளவு எனக் கணக்கிட்டுத் தந்தையிடம் காட்டுங்கள். இது தாய்மாருக்கும் பெண்பிள்ளைகளுக்கும் உரிய வேலையென ஆண்கள் ஒதுங்குதல் தகாது. கழிவை உண்டாக்குவதில் வீட்டார் அனைவருக்கும் பங்கிருக்கும்போது, பிரிப்பதில் மட்டும் ஒருவர் தனித்து நிற்கலாமோ?

வீட்டுப் படலையை மூடிவிட்டால் நம் கடமை முடிந்தது என எண்ணிய காலம் மீதொட்டமுல்லையோடு போயிற்று. நாம் வெளியே தள்ளுவது எவரோ ஒருவரின் கூரையருகே, எவரோ ஒருவரின் கிணற்றருகே போய்ச் சேர்கின்றது. அத்தூரத்து வீட்டாரும் நம் அயலவரே. நாளைக் காலை கறிக்கு அரியும்போது, தோலை இடுவதற்கு ஒரு வாளியைப் பக்கத்தில் வைத்துத் தொடங்குவோமாக. மற்ற இரண்டு பாத்திரங்களும் தாமாகவே அதனைத் தொடர்ந்து வரும்.